பதிவுக் காட்சிகளில் ஒரு தண்ணீர் லாரியைத் தேடிய கதை

மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் முன் நிறுத்தியிருந்த காரின் பக்கக் கண்ணாடியை இரவில் ஏதோ ஒரு வாகனம் உடைத்துவிட்டுப் போயிருந்தது. இரவு 8 மணிக்கு நன்றாக இருந்தது, காலை 6 மணிக்கு உடைந்து தொங்கியது என்பதைத் தவிர வேறு துப்பு இல்லை. சங்கச் செயலாளரிடம் அனுமதி பெற்று அன்றே, கண்காணிப்பு கேமராக்களின் காட்சிகளைப் பதிந்து வைக்கும் டிவிஆர் கருவியின் முன் உட்கார்ந்தேன். தாமதித்தால் பதிவு அழிந்துவிடும்: விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல் இடம் தேவை, அப்படி 8 கேமராக்கள் இருந்தால் 2 டிபி ஹார்டு டிஸ்க் சுமார் 11 நாட்களுக்கே தாங்கும், பிறகு பழையதன் மேல் புதியது எழுதப்படும்.

முதலில் பார்க்க வேண்டியது காட்சியை அல்ல, கடிகாரத்தை. நேரலைத் திரையில் ஓடிய நேரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட்டபோது டிவிஆர் 20 நிமிடம் முந்தியிருந்தது. ஆகவே நான் தேட வேண்டியது அதன் கணக்கில் 8.20 முதல் 6.20 வரை.

அசைவைக் கொண்டு தேடும் வசதி இரவில் பெரிதாக உதவவில்லை. இருட்டில் படமெடுக்கக் கேமராவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்கை மொய்க்கும் பூச்சிகளும் தெருநாய்களும் வேப்பங்கிளையும் பட்டியலை நிரப்பியிருந்தன. அதனால் நேரத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனேன். 1.20-இல் கண்ணாடி முழுதாக இருந்தது, 3.50-இலும் இருந்தது, 5.05-இல் இல்லை; எனவே சம்பவம் கடைசி இரண்டு நேரங்களுக்கும் நடுவில். 600 நிமிடத்தை இப்படிப் பத்து முறை பாதியாக்கினால் ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டுதான் மிஞ்சும். ஆனால் உடைந்த கண்ணாடி உடைந்தபடியே திரையில் நிற்பதால்தான் இந்த வழி பலிக்கிறது. யாரோ ஒருவர் கடந்து போனதை மட்டும் தேடுவதாக இருந்தால் அவர் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. முழுவதையும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதிலும் வேகத்தை அதிகமாகக் கூட்டினால் பல டிவிஆர்கள் இடையிலுள்ள படங்களைத் தாவிவிடுவதால் சில நொடிக் காட்சி நழுவிப் போகலாம்.

திரையில் 4.31, அதாவது உண்மையில் 4.11 மணிக்கு, பின்னோக்கி வந்த ஒரு தனியார் தண்ணீர் லாரியின் தொட்டி கண்ணாடியை உரசியது தெரிந்தது. நம்பர் பலகை மட்டும் அகச்சிவப்பு ஒளி பட்டு வெள்ளைத் திட்டாக வெளுத்திருந்தது. எதிரிலிருந்த மருந்துக்கடையின் கேமராவில், தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்த எண் கிடைத்தது. இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாததால், லாரி முனையில் திரும்பும் கணத்தைப் பொதுப் புள்ளியாக வைத்து இரு பதிவுகளையும் பொருத்தினேன்.

திரையைக் கைப்பேசியால் படமெடுப்பதையோ வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்குவதையோ நான் நம்பவில்லை; மூல வடிவிலேயே பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு அதன் ஹேஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும், கைரேகை போன்ற குறியீடு) குறிக்கும் சான்றிதழையும் கேட்கிறது. ஆனால் லாரி உரிமையாளர் காட்சியைப் பார்த்ததும் செலவை ஏற்றுக்கொண்டதால் அந்த வேலை வரவில்லை. டிவிஆரின் நேரத்தைத் திருத்த மட்டும் இன்னும் முடியவில்லை. பாஸ்வேர்டு அதைப் பொருத்தியவரிடம் இருக்கிறது, அவர் போனை எடுப்பதில்லை.