‘இங்கே பார்க்க என்ன இருக்கிறது?’

புதிய ஊருக்குப் போனதும் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்து மேற்கண்ட கேள்வியைக் கேட்டுவிட்டால், வெளியாருக்குத் தெரியாத இடங்களெல்லாம் தெரிந்துவிடும் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். கேட்ட இடத்திலெல்லாம், சுற்றுலாக் கையேட்டில் இருந்த அதே கோட்டையையும் அதே அருங்காட்சியகத்தையுமே சொன்னார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. வெளியூர்க்காரர் அப்படிக் கேட்கும்போது, எதைக் காட்டினால் ஊருக்குப் பெருமை என்றுதான் எவருக்கும் யோசனை ஓடும். தாம் மாலையில் காற்று வாங்க உட்காரும் ஆற்றோரப் படிக்கட்டு, சொல்லத் தகுந்த இடமாகவே அவர்களுக்குத் தோன்றாது.

ஆகவே இப்போதெல்லாம் ஊரைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, அவர்களுடைய நாளைப் பற்றிக் கேட்கிறேன். ‘நேற்று வேலை முடிந்ததும் எங்கே போனீர்கள்?’ என்பது ஒன்று. ‘உங்கள் வீட்டுக்கு உறவினர் இரண்டாம் முறை வந்தால் எங்கே அழைத்துப் போவீர்கள்?’ என்பது இன்னொன்று. முதல் முறையிலேயே கோட்டையைக் காட்டி முடித்திருப்பார்கள் என்பதால், இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். பிறந்தது முதல் அங்கேயே இருப்பவரைவிட, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் குடிவந்தவர் நன்றாகச் சொல்கிறார் என்பது என் அனுபவம், ஏனென்றால் அவர் அந்த ஊரைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. கமிஷன் கிடைக்கும் இடத்துக்கே வண்டியைத் திருப்புபவர்களைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சில நகரங்களில் இதற்கென்றே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்: நியூயார்க்கில் 1992இல் தொடங்கிய ‘பிக் ஆப்பிள் கிரீட்டர்’ அமைப்பினர், முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டால், கட்டணமின்றித் தங்கள் குடியிருப்புப் பகுதியை நடந்தே சுற்றிக் காட்டுகிறார்கள். பிற நாட்டு நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது ஒரு துண்டுச் சீட்டு. ஒருமுறை நான் தங்கியிருந்த விடுதியின் இரவுக் காவலரிடம், வழியைச் சொல்ல வேண்டாம், வரைந்து காட்டுங்கள் என்றேன். ரசீதின் பின்புறத்தில் அவர் ஒரு பாலத்தை மிகப் பெரிதாக வரைந்து, அதன் அடியில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையையும், நூலகத்தின் பின்வாசலையும், அதையொட்டி ஒரு மரத்தையும் குறித்தார். ஊரின் புகழ்பெற்ற கோட்டை அதில் இல்லவே இல்லை.

நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களில் வாழ்வோரைத் தம் ஊரை இப்படி வரையச் சொல்லி, 1960இல் தம் ஆய்வை வெளியிட்டார். பாதைகள், எல்லைகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் ஆகிய ஐந்தையும் கொண்டே மனிதர்கள் நகரத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. காவலரின் சீட்டிலும் ஏறக்குறைய எல்லாமே இருந்தன, தொலைவைத் தவிர. ‘ஐந்து நிமிடம்’ என்று அவர் எழுதியிருந்த மரத்தடிக்கு நான் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. நிழலில் பெரியவர்கள் இருவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியும்வரை நானும் நின்று பார்த்தேன். மறுநாள் இரவு நேரக் கணக்கைப் பற்றிக் காவலரிடம் குறைப்பட்டுக்கொண்டபோது, “நடந்தா போனீர்கள்? நான் சைக்கிளில் போகிறவன், சார்” என்றார்.