அறை வெப்பநிலை என்பது எந்த அறையினுடையது?

செய்முறைக் குறிப்புகளில் எங்களை அதிகம் ஏமாற்றிய சொல் ‘அறை வெப்பநிலை’. எழுதியவர் மனதில் இருப்பது 25 டிகிரி. உதகையில் ஜனவரி காலை எட்டு மணிக்கு, புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது, ஆய்வுக்கூட மேசையில் 12 டிகிரி இருந்தாலே அதிகம். எலும்பு இம்ப்ளான்ட்டுக்கான பாலிமர் மேல் எலும்புத் தாதுவைப் போன்ற கால்சியம் பாஸ்பேட்டான அபடைட் வளர்கிறதா என்று பார்க்கும் வேலையில் இந்தப் பதின்மூன்று டிகிரி முடிவையே புரட்டிப் போட்டுவிடும்.

பீக், பாலிகாப்ரோலாக்டோன் போன்ற பாலிமர்களை எலும்பு தானாக ஒட்டிப் பிடிப்பதில்லை. மேற்பரப்பில் கார்பாக்சில் அல்லது சல்போனிக் தொகுதிகளை உண்டாக்கினால் அவற்றின் எதிர்மின் சுமை கால்சியத்தை இழுக்கும். கால்சியம் பாஸ்பேட்டை இழுக்கும். முதலில் உருவமற்ற படலம், பிறகு எலும்புத் தாதுவை ஒத்த நுண்படிகம். இதைச் சோதிக்க இரத்த பிளாஸ்மாவின் அயனி அளவுகளை ஒட்டிய எஸ்பிஎஃப் (simulated body fluid) கரைசலில் மாதிரியை ஊற வைக்கிறோம். ஜப்பானியப் பேராசிரியர் கொகுபோவின் குழு உருவாக்கிய கரைசல் அது. 2006இல் அவர்கள் வெளியிட்ட அளவுகளையே நாங்கள் பின்பற்றுகிறோம்.

ஒரு லிட்டருக்கு: 700 மி.லி தூய நீரை பிளாஸ்டிக் பீக்கரில் 36.5 டிகிரிக்குக் கொண்டுவந்து, சோடியம் குளோரைடு 8.035 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.355, பொட்டாசியம் குளோரைடு 0.225, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் டிரைஹைட்ரேட் 0.231, மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 0.311 என்று ஒவ்வொன்றாக, முந்தியது கரைந்த பிறகே அடுத்தது. பிறகு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 39 மி.லி. அதற்கு அப்புறம்தான் கால்சியம் குளோரைடு 0.292, சோடியம் சல்பேட் 0.072. அமிலத்துக்கு முன் கால்சியம் போனால் கரைசல் பாலாகிவிடும். பாலானதை வடிகட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கண்ணாடி பீக்கரும் வேண்டாம். அதன் கீறல்களிலேயே படிவு தொடங்கும்.

கால்சியம் குளோரைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜன்னலைத் திறந்தால் மேகமே உள்ளே வரும் ஊர் இது. தராசில் வைத்த பொடி கண் முன்னாலேயே நீரை இழுத்துக் கசகசவென்று ஆகும், எடை ஏறிக்கொண்டே போகும். முந்தின இரவே 120 டிகிரி உலர் அடுப்பில் வைத்து, ஈரம் புகாத டெசிகேட்டரில் ஆறவிட்டு, உடனே எடை போடுகிறோம். 0.292 என்பது 95 சதவீதத் தூய்மை கொண்ட நீரற்ற பொடிக்கான கணக்கு. கையில் இருப்பது தூய டைஹைட்ரேட் என்றால் லிட்டருக்கு வேண்டிய 2.5 மில்லிமோல் கால்சியத்துக்கு 0.368 கிராம் வேண்டும். பாட்டில் லேபிளைப் படிக்காமல் எடை போடுவது இந்த வேலையின் ஆதித் தவறு.

இனி பிஹெச்சை நிலைநிறுத்தும் பஃபரான டிரிஸ், 6.118 கிராம். பொடியைச் சிறிது சிறிதாகத் தூவி பிஹெச்சை ஏற்றி, கடைசியில் 36.5 டிகிரியில் சரியாக 7.40 ஆக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் விழுந்த இடத்தில் பிஹெச் எகிறி அங்கேயே கால்சியம் பாஸ்பேட் விழும். மலைக்குளிர் கழுத்தைப் பிடிப்பதும் இங்கேதான். டிரிஸ் கரைசலின் பிஹெச் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.028 இறங்கும். 15 டிகிரியில் 7.40 பார்த்துத் திருப்தியாக மூடி வைத்த கரைசல் 36.5 டிகிரி இன்குபேட்டருக்குள் 6.8க்கு வந்துவிடும். அதில் இரண்டு வாரம் ஊறினாலும் மாதிரி வெறுமையாகவே வரும், பழி பாலிமர் மேல் விழும். ‘மீட்டரில்தான் வெப்பத் திருத்தம் இருக்கிறதே’ என்பார்கள். அந்தத் திருத்தம் எலக்ட்ரோடின் சரிவுக்கு மட்டும். கரைசல் 36.5 டிகிரியில் எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது. பீக்கர் வாட்டர் பாத்திலேயே இருக்கட்டும், மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர்களும் பக்கத்திலேயே சூடாகட்டும்.

மேற்பரப்பு மாற்றத்திலும் இதே கதை. சோடியம் ஹைட்ராக்சைடில் பாலிகாப்ரோலாக்டோன் படலத்தை ஊற வைக்கச் சொல்லும் நேரம் எங்கள் மேசைக் குளிரில் போதாது, தொகுதிகள் குறைவாகவே உண்டாகும். அவசரப்பட்டுச் சூடேற்றவும் முடியாது, 60 டிகிரியில் அது உருகிவிடும். 37 டிகிரி இன்குபேட்டர்தான் வழி. பீக்கை அடர் கந்தக அமிலத்தில் ஐந்து நிமிடம் முக்கினால் நுண்துளை வலை உருவாகும். ஆனால் குளிரில் அமிலம் பாகு போலத் தடித்து, துளைகள் அரைகுறையாகும். அமிலத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குவது விபரீதம், ஈரமில்லாத ஹீட்டிங் பிளாக் போதும். துளைகளில் தங்கும் அமிலத்தை நீக்க 120 டிகிரி நீராவிச் சிகிச்சை தருவதுண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், ஆட்டோகிளேவ் மானி 15 பவுண்டு காட்டும்போது உள்ளே சுமார் 117 டிகிரிதான். மானியை அல்ல, வெப்பமானியைப் பாருங்கள்.

கரைசல் அளவு, மாதிரியின் மொத்தப் பரப்பை (சதுர மி.மீ) பத்தால் வகுத்தால் வரும் மி.லி. பத்துக்குப் பத்து, ஒரு மி.மீ தடிமன் தகட்டுக்கு 240 சதுர மி.மீ, ஆகவே 24 மி.லி. மூடி இறுக்கமாக இருக்கட்டும். திறந்திருந்தால் நீரும் போகும், கரியமில வாயுவும் போகும், பிஹெச் ஏறும். தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் கரைசலிலிருந்து மேலே விழுந்த தூசியையும் வளர்ச்சி என்று எண்ணிவிடுவோம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அபடைட் அல்ல. மைக்ரோஸ்கோப்பில் கனசதுரங்கள் தெரிந்தால் அது சரியாக அலசாத சாப்பாட்டு உப்பு. அபடைட் காலிஃபிளவர் போன்ற உருண்டைகளாக, உற்றுப் பார்த்தால் மெல்லிய இதழ்களாகத் தெரியும். எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனையில் 26 டிகிரிக் கோணத்தை ஒட்டியும் 32ஐ ஒட்டியும் அகன்ற மேடுகள். கூர்முனைகளை எதிர்பார்க்காதீர்கள், படிகங்கள் அவ்வளவு சிறியவை. கால்சியம்–பாஸ்பரஸ் விகிதமும் தூய ஹைட்ராக்சி அபடைட்டின் 1.67க்குக் கீழேதான் பெரும்பாலும் நிற்கும். அந்த விகிதத்தை, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தனிமங்களின் எக்ஸ்ரே ஆற்றலை அளக்கும் இடிஎக்ஸ் மூலம் எடுப்பதாக இருந்தால் தங்கப் பூச்சு வேண்டாம். தங்கத்தின் ‘எம்’ எனப்படும் எக்ஸ்ரே கோடு 2.12, பாஸ்பரஸின் கோடு 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விகிதத்தைக் கெடுக்கும். பிளாட்டினம் இன்னும் மோசம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு மாதிரி கோயம்புத்தூர் போகும்போது, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவோடு ‘கார்பன் பூச்சு மட்டும்’ என்று எழுதிய சீட்டும் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும்.