கலங்கிய சீரமும் கறுத்த டிஸ்க்கும்

மார்ச் 3, திங்கள்

இன்று சென்ட்ரிஃபியூஜில் சுழன்ற குழாய்களில் ஒன்று என்னுடையது. ஆய்வகத்தில் சேர்ந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. பிறர் இரத்தத்தை அன்றாடம் பார்க்கிற எனக்கு, என் இரத்தத்தைப் பார்க்க இன்றுதான் துணிவு வந்தது. 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு வந்து, என்னோடு வேலை செய்யும் அக்காவிடம் கையை நீட்டினேன்.

இரத்தம் உறைய அரை மணி நேரம், சுழல 10 நிமிடம். குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஜெல்லுக்கு மேலே நிற்கும் சீரம், அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீர், தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். என்னுடையது வெளுத்துக் கலங்கி நின்றது. அச்சடித்த தாளைக் குழாய்க்குப் பின்னால் பிடித்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். என் பெயர் புகைக்குப் பின்னால் இருப்பது போல் மங்கலாகத்தான் தெரிந்தது.

மொத்தக் கொலஸ்ட்ரால் 262. இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 348. நல்ல கொழுப்பு என்று சொல்கிற எச்.டி.எல். 38. மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால், கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்.டி.எல். கிடைக்கும்: 154. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. எனக்குச் செல்கிற தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மொத்தம் 200க்குள், டிரைகிளிசரைடு 150க்குள், பெண்களுக்கு எச்.டி.எல். 50க்கு மேல் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "முதுகு வலி முதுகு வலி என்று ஐந்து மாதமாகச் சொல்கிறாயே, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்டார். இதயத்தோடு சேர்த்துத்தான் கொழுப்பை எனக்குத் தெரியும். முதுகோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று மிச்சமிருந்த சீரத்தைக் குளிர்பெட்டியில் இரவு முழுக்க அசையாமல் நிறுத்தி வைத்திருந்தேன். பழைய சோதனை இது. இப்போது யாரும் செய்வதில்லை. மேலே ஆடை போல ஏடு படிந்தால், உண்ட உணவின் கொழுப்பைச் சுமக்கும் பெரிய துகள்கள் இன்னும் வடியவில்லை என்று பொருள். ஏடு கட்டாமல் குழாய் முழுதும் ஒரே சீராகக் கலங்கி நின்றால், கல்லீரல் தானே செய்து அனுப்பும் வி.எல்.டி.எல். துகள்கள் அதிகம். என்னுடையது சீரான கலங்கல். ஒருவேளைச் சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது.

மார்ச் 8, சனி

எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. படத்தோடு போனேன். அவர் விளக்குப் பலகையில் செருகிக் காட்டினார். முள்ளெலும்புகளுக்கு நடுவே மேலே இருக்கும் டிஸ்க்குகள் ஓரம் கறுத்து நடுவில் வெளுத்து, இமைக்குள் கண் இருப்பது போலத் தெரிந்தன. அந்த வெளுப்பு தண்ணீர். நான்காவது ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் இருப்பது மட்டும் முழுக்கக் கறுத்து, உயரமும் குறைந்திருந்தது. டிஸ்க் தேய்மானத்தை அளக்கும் ஃபிர்மான் தரவரிசையில் 4 என்று அறிக்கை சொல்கிறது, 5தான் கடைசி.

அறிக்கையின் கீழே 'மோடிக் இரண்டாம் வகை, கொழுப்பு மாற்றம்' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. இரத்தத்தில் மிஞ்சிய கொழுப்பு எலும்பில் போய்ப் படிந்துவிட்டதா என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இல்லை. டிஸ்க் நலிந்த இடத்தில், அதை ஒட்டிய எலும்பின் மஜ்ஜை கொழுப்பு மஜ்ஜையாக மாறும். 1988இல் மோடிக் என்பவர் இதை வகைப்படுத்தினார். உங்கள் லிப்பிட் அறிக்கையில் இருக்கும் கொழுப்பு வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்."

அப்படியானால் தொடர்பே இல்லையா என்றேன். "இருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அதுதான் காரணம் என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்ல என்னால் முடியாது" என்றார். தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் கொழுப்பைத் தூக்கிவிடக் கூடியவை.

மார்ச் 9, ஞாயிறு

ஜவ்வு விலகிவிட்டது, ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி, டிஸ்க்கை ஏதோ செருப்பின் அடித்தோல் போல நினைத்துவிட்டோம். இன்று நாள் முழுக்கப் படித்தேன். அது உயிருள்ள பொருள். நடுவில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் களி, சுற்றிலும் அடுக்கடுக்காகப் பின்னிய நார் வளையம், மேலும் கீழும் குருத்தெலும்புத் தகடு. இளவயதில் களியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். பகலெல்லாம் உடல் பாரம் அதைப் பிழிகிறது, இரவு படுத்ததும் உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான்.

என்னை நிறுத்திவைத்தது இன்னொரு செய்தி. உடலில் இரத்தக் குழாய் இல்லாத உறுப்புகளில் மிகப் பெரியது டிஸ்க். வளர்ந்தவர்களின் டிஸ்க்கில் வெளிநாரின் ஓரத்தைத் தவிர எங்கும் குழாய் கிடையாது. நடுவில் இருக்கும் செல்லுக்கு மிக அருகிலுள்ள நுண்குழாயே 7, 8 மில்லிமீட்டர் தள்ளி, தகட்டுக்கு அப்பால் எலும்புக்குள் இருக்கிறது. அங்கிருந்து சர்க்கரையும் ஆக்சிஜனும் கசிந்து கசிந்துதான் வந்து சேர வேண்டும். கழிவான லாக்டிக் அமிலமும் அதே வழியில் திரும்ப வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதிரி பத்து நிமிடம் தாமதமானால் தொலைபேசி அலறும். இந்தச் செல்கள் வாழ்நாள் முழுக்கக் கடைமடை வயல்போலக் காத்துக் கிடக்கின்றன.

அந்த நுண்குழாய்களுக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது? வயிற்றுப் பெருந்தமனியின் பின்சுவரிலிருந்து இரண்டிரண்டாகப் பிரியும் நான்கு இணை இடுப்புத் தமனிகளிலிருந்து. கொழுப்புப் படிவு இளவயதிலேயே தொடங்கும் இடங்களில் அந்தக் கிளைகளின் வாசலும் ஒன்று. இதைப் படித்தபோது என் குழாயின் கலங்கல் கண்முன் வந்துவிட்டது. வாய்க்கால் தலைப்பில் மண் மேடிட்டால் கடைமடையில் பயிர் காயும். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மார்ச் 12, புதன்

தைராய்டு சரி. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.6, விளிம்பில் நிற்கிறது. மாலையில் வலது காலின் வெளிப்பக்கம் எறும்பு ஊர்வது போல இருந்தது. எழுத உட்கார முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

போன ஞாயிறு வாசித்ததெல்லாம் யூகம் மட்டுமா, யாராவது மனிதர்களிடம் பார்த்தார்களா என்று தேடினேன். பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 1948இல் இதய நோயை அறியத் தொடங்கிய ஆய்வில் இருந்தவர்களின் இடுப்பு எக்ஸ்ரே படங்களை, 25 ஆண்டு இடைவெளியில் எடுத்தவற்றை, பின்லாந்தைச் சேர்ந்த கௌப்பிலா என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஒப்பிட்டு 1997இல் வெளியிட்டார்கள். பெருந்தமனியில் கால்சியம் படிந்தவர்களுக்கு டிஸ்க் தேய்மானமும் கூடுதலாக இருந்தது. படிவு மிகுந்தவர்கள் முதுகு வலியையும் அதிகம் சொன்னார்கள். இதயத்துக்காக எடுத்து வைத்த படத்தில் முதுகின் கதையும் பதிந்திருந்திருக்கிறது.

கொழுப்பு டிஸ்க்கைக் கெடுக்கக்கூடிய இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது, இரத்த ஓட்டத்தையே சார்ந்ததில்லை. எல்.டி.எல். துகள் ஆக்சிஜனால் கெட்டுப்போகும்போது அதைப் பிடித்துக்கொள்ள லாக்ஸ்-1 என்ற ஏற்பி செல்களின் மேல் இருக்கிறது. இரத்தக் குழாய்ச் சுவரில் கண்டுபிடித்த ஏற்பி அது. பின்னர் டிஸ்க் செல்களிலும் தென்பட்டிருக்கிறது. ஆய்வுத் தட்டில் கெட்டுப்போன எல்.டி.எல்.லை இந்தச் செல்களின் மேல் ஊற்றினால், களியைக் கட்டிக்காக்கும் புரதங்களை அறுக்கும் நொதிகளை அவை தாமே சுரக்கின்றன. தண்ணீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகேன் அறுபட்டால் தண்ணீர் நிற்காது. எம்.ஆர்.ஐ. படத்தில் வெளுப்பு போய்க் கறுப்பு வருவது இப்படித்தான். கொழுப்பு மிகுந்த இரை கொடுத்து வளர்த்த எலிகளின் டிஸ்க்குகளும் விரைவில் நலிந்தன.

தட்டும் எலியும் மனிதர் ஆகமாட்டா என்பது ஆய்வகத்தில் இருக்கிற எனக்கு நன்றாகவே தெரியும். கூடவே, கொழுப்பு மிகுந்தவர்களில் பலருக்கு உடல் எடையும் அதிகம்; புகைப்பவர்கள் உண்டு; சர்க்கரை நோய் உண்டு. ஒவ்வொன்றும் தனியாகவே டிஸ்க்கைக் கெடுக்கக் கூடியவை. எடையைக் கணக்கில் எடுத்ததும் கொழுப்பின் பங்கு சுருங்கிப்போகிற ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனாலும் இத்தனை தனித்தனி வழிகள் ஒரே இடத்தைக் காட்டும்போது தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 22, சனி

அண்ணனிடம் பேசினேன். அவருக்கும் அதே இடத்தில் டிஸ்க் பிதுங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். மெலிந்த உடல், ஒரு நாள் விடாமல் நடப்பவர். போன வருடம் என் ஆய்வகத்தில்தான் அவருடைய இரத்தத்தைப் பார்த்தோம். எல்.டி.எல். 92, டிரைகிளிசரைடு 88, சீரம் கண்ணாடி போலத் தெளிவு. நான் படித்ததையெல்லாம் சொன்னதும், "அப்படியானால் என் முதுகு ஏன் கெட்டது?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அப்பாவும் நாற்பதிலேயே கூன் விழுந்து நடந்தவர். பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடத்திய நீண்ட ஆய்வில், ஒருவர் பாரம் தூக்கும் வேலையிலும் உடன்பிறந்தவர் உட்கார்ந்த வேலையிலும் வாழ்நாளைக் கழித்திருந்தும், இருவர் டிஸ்க்குகளும் அதிசயிக்கும்படி ஒத்திருந்தன. குடும்பமும் மரபும் விளக்கியதில் ஒரு சிறு பகுதியைத்தான் வேலையின் பாரம் விளக்கியது. எங்கள் வீட்டு முதுகு அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். என் கொழுப்பு அதன்மேல் எவ்வளவு சேர்த்தது என்பதை எந்தக் குழாயிலும் அளக்க முடியாது.

ஏப்ரல் 5, சனி

மனம் கொதித்துப்போன நாள். இரத்தம் கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் கைபேசியை நீட்டிக் காணொளி ஒன்றைக் காட்டினார். கொழுப்பைக் குறைத்தால் தேய்ந்த டிஸ்க் திரும்ப முளைக்கும் என்று அதில் ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். பெரியவர் இதயத்துக்காகச் சாப்பிடும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை முதுகு குணமாகட்டும் என்று இரட்டிப்பாக விழுங்க எண்ணியிருக்கிறார்.

பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். "ஐயா, ஸ்டாட்டினை எலிகளின் டிஸ்க்கில் செலுத்தி நல்ல மாற்றம் கண்டிருக்கிறார்கள், அது உண்மை. மனித முதுகுக்கு அது இன்னும் மருந்தாகவில்லை. அளவு கூடினால் தசை வலிக்கலாம். அந்த வலியையே நீங்கள் முதுகு வலி என்று நினைப்பீர்கள். உங்கள் டாக்டர் சொன்ன அளவை இதயத்துக்காகச் சாப்பிடுங்கள்." கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, இடுப்புக்குக் கீழே உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அவர் மகளை அழைத்துச் சொன்னேன். இதைக் காணொளிக்காரர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆசை காட்டத் தெரிந்தவருக்கு எச்சரிக்க ஏன் தோன்றவில்லை?

ஏப்ரல் 13, ஞாயிறு

டாக்டர் மாத்திரை தரவில்லை. மூன்று மாதம் நடை, உணவில் மாற்றம், பிறகு மறுபரிசோதனை என்றார். இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்த ஐந்து பயிற்சிகளையும் காலையில் செய்கிறேன். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தும் பயிற்சியில் காலின் ஊர்தல் இடுப்புக்கு ஏறிக் கூடுகிறது. வலி காலை விட்டு நடுவுக்கு வருவது நல்ல அறிகுறியாம். முதல் வாரம் 10 நிமிடம் நடந்தேன், இன்று 35.

மே 4, ஞாயிறு

வலி இல்லாதவர்களை எடுத்துப் படம் பிடித்தால் என்ன தெரியும்? 2015இல் 33 ஆய்வுகளைத் தொகுத்து, வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. அத்தனை பேரும் வலி இல்லாமல் நடமாடியவர்கள். இதை முன்பே படித்திருந்தால் மார்ச் மாதத்தில் அந்தக் கறுத்த வட்டத்தை நினைத்து நினைத்து இத்தனை இரவு விழித்திருக்க மாட்டேன். படத்தை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மறுபரிசோதனை. மொத்தம் 204, டிரைகிளிசரைடு 176, எச்.டி.எல். 41, எல்.டி.எல். 128. எடை 5 கிலோ குறைந்திருக்கிறது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

முதுகு வலி பாதிக்கு மேல் போய்விட்டது. கொழுப்பு குறைந்ததாலா, எடை குறைந்ததாலா, பயிற்சியாலா, எட்டு மாதத்தில் தானே தணிகிற வலிதானா? ஒரே உடம்பில் நான்கையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் பிரித்துக் கேட்க முடியாது. ஆய்வு செய்கிறவர்களின் தலைவலியும் இதுதான் என்று இப்போது புரிகிறது. டிஸ்க் மாறியிருக்கிறதா என்று மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்டேன். "கால் நன்றாக இருக்கிறது, நடக்கிறீர்கள். படம் பார்த்து என்ன செய்யப் போகிறோம்?" என்றார் டாக்டர். எச்.டி.எல். இன்னும் 50ஐத் தொடவில்லை. அடுத்த பரிசோதனை செப்டம்பரில்.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். "நீயும் வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் பார், அண்ணா. முதுகுக்காக இல்லை, இதயத்துக்காக." வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

வேலை முடிந்து, கீழ்த்தட்டிலிருந்து குழாய்ப் பெட்டியை எடுக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். எழும்போது வலப்பக்க இடுப்பில் பழைய இடத்தில் சின்னதாக ஓர் இழுப்பு. நின்று மூச்சு விட்டேன். போய்விட்டது.