களத்துமேட்டில் தெரியும் அகத்தியர்

தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும் நாட்களில், திருவையாற்றுக்கு அருகே உள்ள எங்கள் வயலில் இரவு பத்து மணி வாக்கில் நின்று தெற்கே பார்த்தால், தென்னந்தோப்புக்கு மேலே அகத்தியர் விண்மீன் ஒளிரும். அவருடைய கமண்டலத்திலிருந்து காவிரி பிறந்ததாகக் கதை சொல்லும் ஊரில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை உண்டு. வானியலார் அதைக் கனோபஸ் என்பார்கள்.

1964 நவம்பரில் செவ்வாய்க்குப் புறப்பட்ட மாரினர்-4 விண்கலம், சூரியனையும் இந்த விண்மீனையும் குறியாகக் கொண்டே தன் நிலையைப் பிடித்துக்கொண்டது. சூரியனை மட்டும் நோக்கினால், அதைப் பார்த்தபடியே கலம் பம்பரமாகச் சுற்றவும் கூடும். சூரியன் செல்லும் பாதைக்கு வெகுதொலைவில், பளிச்சென்று இருப்பதால் அகத்தியர் இரண்டாவது குறிக்கு வாய்த்தார். ஆனால் கலத்திலிருந்து உதிர்ந்த துகள்கள் வெயிலில் மின்னி, விண்மீனைத் தேடிப் பிடிக்கும் கருவியான ஸ்டார் டிராக்கரை ஏமாற்றின. இம்முறை அறுவடை மெஷினின் விளக்கொளியில் பதர்த்தூசி பறந்தபோது எனக்கும் அதே கதிதான். புருவத்தின்மேல் கையை வைத்து மறைத்த பிறகே அகத்தியர் மீண்டும் தெரிந்தார். ஸ்டார் டிராக்கரின் முன்னே நீண்டிருக்கும் கூம்புக்குழலுக்கும் அந்தக் கையின் வேலைதான்.

இன்றைய கருவி ஒற்றை விண்மீனை நம்பியிருப்பதில்லை. வானைப் படமெடுத்து, அதிலுள்ள விண்மீன்களுக்கு இடைப்பட்ட கோணங்களை அளந்து, நினைவகத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடுகிறது. வைக்கோலில் மல்லாந்து படுத்துத் தலையை எப்படித் திருப்பினாலும் ஓரையன் என்னும் வேடன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பு மீன்கள் மூன்றும் அதே இடைவெளியில் இருப்பதுபோல, கலம் எப்படிப் புரண்டாலும் அக்கோணங்கள் மாறுவதில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், லென்ஸை வேண்டுமென்றே சற்று மங்கலாக வைப்பது: ஒரு விண்மீனின் ஒளி பல பிக்சல்களில் பரவினால்தான் அதன் நடுப்புள்ளியை ஒரு பிக்சலின் அளவைவிட நுட்பமாகக் கணக்கிட முடியும். ஒரு டிகிரியை 3600 கூறாக்கினால், நல்ல கருவியின் பிழை அதில் சில கூறுகளே. கருவி நோக்கும் திசையையே அச்சாகக் கொண்ட சுழற்சியில் மட்டும் துல்லியம் குறையும் என்பதால், வெவ்வேறு திசை நோக்கி இரண்டு கருவிகளைப் பொருத்துவார்கள்.

சில நிமிடங்களில் மேலேறிவிடும் ராக்கெட்டுக்குப் பெரும்பாலும், கலம் எவ்வளவு திரும்புகிறது என்று உணரும் ஜைரோஸ்கோப்பே போதும். மாதக்கணக்கில் ஓடும் கலத்தில் அதன் சிறுபிழை சேர்ந்துகொண்டே போவதால், அவ்வப்போது விண்மீன்களைப் பார்த்துத் திருத்த வேண்டும். 2009-இல் சந்திரயான்-1 கலத்தின் ஸ்டார் டிராக்கர்கள் செயலிழந்தபோது, அந்த ஜைரோஸ்கோப்புகளைக் கொண்டே பொறியாளர்கள் கலத்தைச் சமாளித்தார்கள்; ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அறும்வரை அது வேலை செய்துகொண்டிருந்தது.