மோர் ஊற்றிய 50 காசு

மூன்று வாரமாக என் கேமராவுக்குப் போக்குக் காட்டிய சிங்கப்பூர் 50 காசு, நேற்று ராத்திரி ஒருவழியாகப் படம்பிடிக்க மசிந்தது. 1967-இல் வந்த முதல் நாணய வரிசை, சிங்கமீன் போட்டது. அம்மாவின் மைலோ டின்னில் கிடந்தது. பக்கவாட்டில் விளக்கு வைத்தால் மீனின் முள் ஒரு பக்கம் வெளுத்துப்போகும், மறுபக்கம் கரி. விளக்கில் டிரேசிங் பேப்பர் கட்டினால் வெளிச்சத்தோடு முள்ளும் சேர்ந்து மழுங்கிவிடும்.

அதனால் 45 டிகிரி கண்ணாடிக்கு வந்தேன். பழைய போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றியது. லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே சாய்த்து, இடப்பக்கம் எல்இடி. காசில் விளக்கு நேரே விழாதபடி குறுக்கே ஓர் அட்டை. கண்ணாடி பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் கீழே திருப்பும், மிச்சம் ஊடுருவி வலப்பக்கம் போய்விடும். அந்த மிச்சம்தான் என் உயிரை எடுத்தது.

படம் முழுக்க மோர் ஊற்றியது போல ஒரு வெளுப்பு. லென்ஸில் பூஞ்சையோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நம்ம ஊர் ஈரத்துக்கு முதல் சந்தேகம் அதுதானே. லென்ஸ் திறப்பை எஃப் 11-லிருந்து 8-க்குக் கொண்டுவந்தேன், ஷட்டரை மாற்றினேன். மோர் மோராகவே இருந்தது.

ஃபேனை அணைக்க எழுந்து போனபோது, அம்மா கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத்தானேடா தெரியுது" என்றார். வந்து உட்கார்ந்தேன். மறுபடி மோர். வலப்பக்க நாற்காலியில் வெள்ளைப் பனியனோடு உட்கார்ந்திருந்தது நான்தான்!

வலப்பக்கம் எது இருந்தாலும் கண்ணாடி அதை லென்ஸுக்குள் திருப்பிவிடும், அதனால் அந்தப் பக்கம் கறுப்பாக இருந்தாக வேண்டும். கறுப்புத் தாளும் லேசாகப் பளபளக்கிறது, வெல்வெட்தான் சரி. தேக்கா துணிக்கடையில் அரை மீட்டர் கேட்டதற்கு, "ஜாக்கெட்டுக்கா?" என்றார்கள்.

கடைசியில் நின்றது: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, அரை வினாடி, எல்லாம் மேனுவல். ஆட்டோவில் விட்டால் வெள்ளையாக மின்ன வேண்டிய காசின் தளத்தைச் சாம்பலாக்கிவிடும். எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி எம்ஆர்டி ரயில் ஓடுவதால், அது கடந்து அதிர்வு அடங்கிய பிறகுதான் டைமரைத் தட்டுவேன்.

முன்பு ஆன்லைனில் வாங்கிய விளக்கைப் பற்றியும் புலம்பியாக வேண்டும். வெளிச்சம் துடிக்காது என்று சொல்லி விற்றார்கள். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடித்து, 1/250 வினாடி ஷட்டரில் படமெல்லாம் பட்டை பட்டையாக விழுந்தது. இப்போது அது அலமாரிக்குள் டார்ச்.

50 காசின் மறுபக்கம் இன்னும் பாக்கி. அதற்குள் 1985-இல் தொடங்கிய இரண்டாம் வரிசையின் 10 காசைக் கண்ணாடிக்கடியில் வைத்துவிட்டேன். நாட்டுச் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழியில் ஊர்ப்பெயர் இருக்கும். தமிழ்ப் பெயரில் 'ங்' புள்ளி மட்டும் இன்னும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டே விழுகிறது.