கிளை நூலகத்தில் ஒரு தொழில் மேசை வேண்டும்

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சாயங்காலங்களில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில்தான் இருப்பேன்; வாசகர் வட்டத்தில் உறுப்பினர். வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ கடன் விண்ணப்பங்கள் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். தொழில் தேறாது என்று திரும்பியவை குறைவு. காகிதம் சரியில்லை என்று திரும்பியவைதான் அதிகம். அந்தக் காகிதத்தைச் சரிசெய்துகொள்ள ஊருக்குள்ளேயே ஓர் இடம் வேண்டும். அதற்கு நூலகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த எங்கள் செட்டிநாட்டு நகரத்தார், பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பெட்டியடியில், அதாவது கடையின் கணக்கு மேசையில், உட்கார வைத்தார்கள். பேரேடு, வட்டிக் கணக்கு, கடிதம் எழுதுவது எல்லாம் அங்கேதான் பழகின. இன்று ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலர் ஊற்றித் தரைக் கல் போடுகிறவருக்கும், கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கும், ஓலையில் கொட்டான் கூடை பின்னுகிற பெண்களுக்கும் கைவேலை வீட்டிலேயே வந்துவிடுகிறது. கணக்கும் விண்ணப்பமும் வருவதில்லை. அவர்களுக்கு நூலகம்தான் பெட்டியடியாக இருக்க முடியும்.

பலகாரம் போடும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுப்பவர். வெளியூர்க் கடை ஒன்று சரக்கு கேட்டது, ஆனால் லேபிள் ஒட்டித் தரச் சொன்னது. அதற்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுக்கென்று 1,500 ரூபாய் கொடுத்திருந்தார். 2020 ஜூலையில் தொடங்கிய அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான், ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இருந்தால் போதும். இதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நூலக மேசையில் ஒரு காலிக் கவரை விரித்துவைத்து, என்னென்ன அச்சிட வேண்டும் என்று நோட்டில் எழுதினோம். பொருளின் பெயர், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும், பேட்ச் எண், முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி. சேர்மானங்களை மட்டும் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும். "அரிசி மாவு முதல்ல, அப்புறம் உளுந்து மாவு. எண்ணெயை எங்க சார் போடுறது?" என்று கேட்டார். சரியான கேள்வி! அவர் அளவெல்லாம் படிக் கணக்கு. மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரு துண்டுச் சீட்டில் கிராமில் எழுதிக்கொண்டு வந்தார். பொரிக்கும் முன்னும் பின்னும் எண்ணெய்ச் சட்டியை நிறுத்திருந்தார். நான் பார்த்த பல திட்ட அறிக்கைகளில் இல்லாத நேர்த்தி அந்தச் சீட்டில் இருந்தது.

பிறகு கடன் பேச்சு வந்தது. கிராமப்புறத்தில் புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. அவர் பலகாரம் போடுவது பழைய தொழில், அவர் மகள் தொடங்க நினைப்பது புதிய யூனிட். இந்த வேறுபாட்டை விண்ணப்பிக்கும் முன்பே உட்கார்ந்து விளக்க ஓர் ஆள் வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் சொல்வார்கள்தான். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நாள் கூலியை விட்டு சிவகங்கைக்கு பஸ் ஏறுவது எல்லோராலும் முடியாது.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் 2006லேயே தொழில் தொடங்குகிறவர்களுக்கென்று தனி மையம் திறந்தது. விலை கொடுத்து வாங்க முடியாத சந்தை அறிக்கைகளை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். காப்புரிமை, வணிகக் குறி பற்றிக் கேட்கலாம். நமக்கு அந்த அளவு வேண்டாம். உதாரணமாக, கண்டாங்கிக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பயன்படுத்தத் தறிக்காரர் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும். அந்தப் படிவம் தமிழ்க் குறிப்போடு ஒரு கோப்பில் இருந்தால் போதும். இணையம், பிரிண்டர், வாரத்தில் இரண்டு மாலை உட்கார ஒருவர். போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு நம் நூலகங்கள் தனி அலமாரி ஒதுக்கியிருக்கின்றன, அந்தப் பிள்ளைகளும் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். தொழில் செய்கிறவர்களுக்கும் ஓர் அலமாரி ஏன் கூடாது?

இது சலுகையும் இல்லை. 1948ல் மதராஸ் மாகாணத்தில் வந்த நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். சொத்து வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி தனியாக இருக்கும். ரூபாய்க்குப் பத்து காசு. கல் போடும் கொட்டகைக்காரரும், மளிகைக் கடைக்காரரும் கட்டுகிற காசுதான் அது.

எங்கள் நூலகர் ஜன்னலோரம் ஒரு மேசையை ஒதுக்கித் தந்திருக்கிறார். வங்கி, வரி, கணக்குத் தணிக்கை வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஜி.எஸ்.டி. தெரிந்த ஒருவர் எங்கள் மேசைக்கும் உடனே தேவை.