நாற்காலிப் பலகையில் வாஷிங்டன் முகம்: மூன்றாவது பலகை தேறியது

தலைவர்களின் முகம் பதித்த பழைய அமெரிக்க நாற்காலிகளில் தங்கமாக மினுங்குவது பல நேரம் பித்தளைத் தூள்தான். கனெக்டிகட்டில் லாம்பர்ட் ஹிட்ச்காக் 1820-களில் செய்த நாற்காலிகளின் பூ, பழ அலங்காரமும் இதே வேலைப்பாடு. அந்த முறையில் நாங்கள் செய்தது: 40 செ.மீ. சாய்வுப் பலகையின் நடுவே 6 செ.மீ. உயர முகம். மாதிரி, கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் தீட்டிய முடிவுறாத ஜார்ஜ் வாஷிங்டன் ஓவியம்.

அடியில் ரெட் ஆக்சைடு. அது காய்ந்து உப்புத்தாள் போட்டபின் மெல்லிய கறுப்பு. கறுப்பு ஈரமாக இருக்கும்போதே கசக்கிய துணியால் இழுத்தால் சிவப்பு ரேகைகள் தெரிந்து ரோஸ்வுட் (ஈட்டி மரம்) போலாகும். முகம் வரும் இடத்தை மட்டும் இழுக்காமல் விட வேண்டும்; ரேகை கன்னத்தில் தழும்பாகத் தெரியும்.

அடுத்து எண்ணெய் வார்னிஷ், ஒரே கோட். இது பாதி காய்ந்த பிசுக்கில்தான் தூள் ஒட்டும்; வேலை முழுக்க அதில்தான் நிற்கிறது. முதல் பலகையில் ஒன்றரை மணி நேரத்திலேயே தொட்டதால் தூள் வார்னிஷுக்குள் முங்கி மங்கிவிட்டது. ஸ்டென்சிலும் (உருவம் வெட்டிய அச்சுத்தாள்) ஒட்டிக்கொண்டு உரிந்தது. இரண்டாவதில் 5 மணி நேரம். தூள் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது. மூன்றாவதில் 3 மணி நேரம். விரலை வைத்து எடுத்தால் 'டிக்' என்று மெல்லிய ஒலி, ரேகை பதியவில்லை. அதுதான் பதம். ஈரக்காற்றில் இன்னும் தாமதமாகும்; கடிகாரத்தை விட்டு விரலை நம்புங்கள்.

முகம், முடி, கழுத்துத்துணி, கோட்டு என நான்கு ஸ்டென்சில், ஓஹெச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டியவை. ஆள்காட்டி விரலில் மடிப்பில்லாமல் வெல்வெட் சுற்றி, தூளைத் தொட்டு, வேறு துணியில் ஒருமுறை தேய்த்துவிட்டே பலகைக்குப் போக வேண்டும். நேரே போனால் கட்டி விழும். விழுந்த கட்டியை எடுக்கவே முடியாது. நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு மூன்றிலும் அழுத்தம். கண்குழியில் தூளே படக்கூடாது. அந்தக் கறுப்புதான் முகத்துக்கு ஆழம் தருகிறது. இமைக்கோடும் உதட்டுக்கோடும் பிறகு மெல்லிய தூரிகையால். மூக்கையும் வாயையும் மறைக்கும் முகமூடி கட்டாயம். தூள் அவ்வளவு நைசு.

24 மணி நேரம் கழித்து ஈரப்பஞ்சால் உதிரித் தூளைத் துடைத்தோம். துடைக்காவிட்டால் மேல்கோட்டின் (கடைசியாக மேலே பூசும் வார்னிஷ்) தூரிகை அதை இழுத்துக் கறுப்பெல்லாம் சேறாக்கிவிடும். மேல்கோட்டே வேண்டாமென்று விட்டால் தூளிலுள்ள செம்பு காற்றுப்பட்டுக் கறுத்துவிடும்.

அசல் பழைய நாற்காலி கையில் இருந்தால் இதில் எதையும் அதன்மேல் செய்யாதீர்கள். பழைய வார்னிஷில் ஷெல்லாக் (அரக்கு) இருந்தால் ஸ்பிரிட் (ஆல்கஹால்) பட்டதும் கரையும்; முகமும் கூடவே வந்துவிடும். இருக்கையின் பின்விளிம்பில் ‘எல். ஹிட்ச்காக்’ முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் அங்கே உப்புத்தாளை வைக்கவே வேண்டாம்.

அடுத்து ஓரத்து மஞ்சள் கோடுகள். மேல்கோட்டு இன்னும் காய்கிறது.